உள்ளே வேகாத ரொட்டி

சனிக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு நான் தூங்கிப்போனேன். எல்லாம் அங்கிருந்துதான் கெட்டது. ரொட்டி ஆற இன்னும் அரைமணி ஆகும் என்று அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அதனால் நேரம் மறக்கவில்லை. இரண்டு வருஷமாகியும் மறக்கவில்லை.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அன்னவாசலில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஆசிரியை. என் கணவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். வீட்டில் நானும் பதினொரு வயது மகளும்தான். அவளுக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் எரித்துவிட்டு இறங்கியிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் பத்து நாள் சோறு கூடாது, பாலில் ஊறவைத்த ரொட்டி மட்டும் கொடுக்கலாம் என்றார் இலுப்பூர் டாக்டர். குடல் புண்ணாகி ஈரக் காகிதம் மாதிரி இருக்கும், கெட்டியாக எது போனாலும் கிழிந்துவிடும் என்றும் சொன்னார்.

அந்த ஈரக் காகிதம் என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த தெருவில் ஒரு குழந்தை, பத்தியம் முடிந்து சோறு தின்ற மறுநாளே போய்விட்டது. பத்து நாள் முடிந்தும் எனக்குச் சோறு போடக் கை வரவில்லை. இன்னும் ஒரு நாள் போகட்டும், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று பதினாறாம் நாளுக்கு வந்திருந்தேன். காய்ச்சல் வந்ததை என் கணவருக்கு இன்னும் எழுதவில்லை. நல்லபடியாக எழுந்து நடக்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ரொட்டி நின்றுபோனது. பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ், வந்தால் வந்ததுதான். திருச்சியில் ட்ரெயினிங் படித்தபோது, ஹாஸ்டல் சமையற்காரி மாவில் கள்ளை ஊற்றிப் பொங்கவைத்து ரொட்டி சுடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானே சுட ஆரம்பித்தேன். ரேஷன் கோதுமையைத் திருகையில் அரைத்துத் துணியில் சலித்தேன். கள்ளுக்குப் பால்காரம்மாவிடம்தான் சொல்லிவைத்தேன்.

"இந்தாங்க டீச்சரம்மா, மேல துணியக் கட்டித்தான் கொண்டாந்தேன். வழியில ரெண்டு பேரு யாருக்குன்னு கேட்டாக."

"என்ன சொன்னீங்க?"

"பிள்ளைக்கு மருந்துன்னேன். அப்ப டீச்சரம்மாவும் ஒரு வாய் மருந்து குடிக்கட்டும்னு சிரிக்கிறாக."

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. கள்ளின் அடிவண்டலை மாவில் விட்டுப் பிசைந்து வெயிலில் வைத்தேன். பெரிய மண்பானைக்குள் மணல் பரப்பி, அதன்மேல் மாவு நிறைந்த பிஸ்கட் டின்னை வைத்து மூடி, கீழேயும் மூடிமேலும் தணல் போட்டேன். முதல் ரொட்டி செங்கல். அடுத்தது கருகியது. மூன்றாவதைத் தின்ன முடிந்தது.

நான்காவதான அன்றைய ரொட்டி மேலே பொன்னாகச் சிவந்திருந்தது. இட்லிக்குப் பார்ப்பதுபோல ஈர்க்கு ஒன்றைக் குத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஓரத்தில் குத்தினேன், நடுவில் குத்தவில்லை. அழகாக உப்பியிருந்ததில் ஓட்டைபோட மனம் வரவில்லை. முறத்தில் எடுத்து வைத்து ஆறவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு மாதமாகத் தொடர்ந்து தூங்கியதில்லை.

விழித்தபோது மணி நாலு. ரொட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. நறுக்கலாம் என்று தூக்கினேன். கை மேலே போய்விட்டது, அவ்வளவு லேசு. அடிப்பக்கம் ஒரு பெரிய பொத்தல். உள்ளே இருந்ததெல்லாம் போய், மேல்தோல் மட்டும் கூடுபோல நின்றது. பொத்தலுக்குள் விரலை விட்டேன். பச்சை மாவு பிசுபிசுவென்று ஒட்டியது.

மகள் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"தின்னியாடி?"

போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"வேகவே இல்லையேடி. எப்படித் தின்ன?"

"புளிச்சுது. நல்லாத்தாம்மா இருந்துச்சு."

நான் அவளை அடிக்கவில்லை. அடிக்கக் கை எழுந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நாலரைக்கு வயிறு வலிக்கிறது என்றாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கணவர் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு இலுப்பூருக்குக் கிளம்பினார்.

"உப்புத் தண்ணியக் கரைச்சுக் குடு டீச்சரு. வாந்தி எடுத்தாச் சரியாப் போயிரும்" என்றாள் அக்கா.

"வேணாங்கக்கா. குமட்டுற வேகத்துல குடல் கிழிஞ்சிட்டா?"

"படிச்சவுக ஒண்ணொண்ணுக்கும் ஒரு பயத்த வச்சிருக்கீக. சும்மா பாத்துக்கிட்டே இருந்தா ஆச்சா?"

ஆனாலும் அவள் கட்டாயப்படுத்தவில்லை. நான் மகளின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இறுகுகிறதா, நான்தான் அப்படி நினைக்கிறேனா என்று தெரியவில்லை. கொழும்புக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரி மனதில் வந்தது. அதை விரட்டினேன். திரும்பவும் வந்தது. நான் சுட்ட ரொட்டி, நான் தூங்கிய தூக்கம். வேறு யாரையும் அந்தக் கடிதத்தில் குற்றம் சொல்ல முடியாது.

ஆறரை மணிக்கு வாசலில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. வந்தவர் டாக்டர் அல்ல. அவர் புதுக்கோட்டைக்குப் போய்விட்டாராம். ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டர் வந்திருந்தார். இவருக்கு என்ன தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். வயிற்றை நாலு இடத்தில் அமுக்கினார், இருமச் சொன்னார், காய்ச்சல் பார்த்தார். ரொட்டியின் மேல்தோலை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சோறு போட்டு எத்தன நாளாச்சு?"

"காய்ச்சல் விட்டுப் பதினாறு நாளுங்க. இன்னும் போடல."

"டாக்டர் பத்துன்னுதான சொன்னாக?"

"ஆமாங்க. பயமா இருந்துச்சு."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் மறுபடி ஒருமுறை வயிற்றை அமுக்கினார். மகள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"குடல் கிழிஞ்ச பிள்ளை இப்படித் தட்டிவிடாது" என்றார். "வயிறு எளகித்தான் இருக்கு. ராத்திரிக்கு வெந்நி மட்டும் குடுங்க. கல்லாட்டம் இறுகுச்சுன்னா வண்டியக் கட்டிக் கொண்டாந்துருங்க. இல்லாட்டி, காலையில சோத்தக் கொழைய வடிச்சு ரெண்டு கரண்டி போடுங்க டீச்சரம்மா. பிள்ளை பசியில தின்னிருக்கு."