நாற்பது தொட்டிகள்

ஓடைப்பட்டிக்காரியான தேவயானி, தேனிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் அம்மா பொன்னாத்தாள் மழைக்காலம் முழுக்கத் திராட்சைக்கு மருந்தடிப்பவள், விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். மருந்தே வேண்டாத ஒரு கொடி, அதுதான் மகளின் ஆராய்ச்சி. கல்லூரிக்குப் பின்னால் நாற்பது சிமெண்டுத் தொட்டிகளில் விதையிலிருந்து வளர்த்த கொடிகளை மூன்று வருடம் மருந்தில்லாமல் விட்டாள். முப்பத்தெட்டில் நோய் விழுந்து இலை கருகியது, உயிர் மட்டும் இருந்தது. பதினொன்றாம் எண் தொட்டியும் இருபத்தாறாம் எண் தொட்டியும் மட்டும் பச்சையாக நின்றன. இந்த மழையையும் தாங்கினால் அம்மாவுக்கு நடுவதற்குக் குச்சி வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

அந்த மழையில்தான் தரமதிப்பீட்டுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. ஆராய்ச்சிக்குத் தனி மதிப்பெண் உண்டு. எனவே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரே ஆளை, முதல்வர் ஈஸ்வரபாண்டி கோப்பு அறையில் உட்காரவைத்தார்.

"கொடி எங்கயும் ஓடிப்போகாது மேடம். நடக்குதுன்னு பேப்பர்ல இருக்கணும்ல?"

மூன்று வாரம் அவள் கொடிகளைப் பற்றி எழுதினாள், கொடிகளைப் பார்க்கவில்லை. குழு வரும் நாள் காலையில்தான் போனாள். காவி பூசிய தொட்டிகள் நடைபாதையின் இருபுறமும் நின்றன. கிளை வெட்டிக் கவாத்து செய்த கொடிகளில் எல்லாம் ஒரே பச்சைத் துளிர். இலைகளில் மருந்தின் நீலத் திட்டு.

தோட்டக்காரர் அம்மாவாசி பெருமையாக வந்தார். "எப்டி மேடம்? கலியாண வீடு கணக்கா இருக்குல்ல?"

"தொட்டியில நம்பர் போட்டிருந்தேனே, அண்ணே?"

"கிறுக்கலா கெடந்துச்சு. முதல்வர் அய்யா சொன்னாக, கம்பி பிரஷ்ல சொரண்டிட்டுத்தேன் பெயிண்ட் அடிச்சேன்."

"பதினொன்னு எது?"

"உசரம் பாத்துல்ல அங்கனயும் இங்கனயும் மாத்தி வச்சேன்." அவள் முகம் அவருக்கு விளங்கவில்லை. "ஒண்ணும் கொறையல மேடம், எண்ணிப் பாருங்க."

எண்ணினாள். நாற்பதும் இருந்தன.

குழுவில் ஒருவர் இலையைத் தடவி, "நோயே இல்லையே! நல்ல ஆராய்ச்சி" என்றார். முதல்வர் தலையசைத்தார். யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பேசாமல் நின்றதே போதுமானதாக இருந்தது.

உயர்ந்த தரம் கிடைத்தது. வாசலில் பேனர் ஏறியது. அன்று மாலை அம்மா போன் செய்தாள்.

"ஆத்தா, பேனர்ல ஒன் படம் போட்டிருக்காகளாமே! குச்சி எப்பத் தருவ?"

"இன்னும் மூணு வருசம் ஆகும்மா."

"மூணு வருசமா? நோயே வராத கொடின்னுல்ல போட்டிருக்காக!"