மூடாத கை

வாப்பா ஜப்பானிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. மூன்று வயதில் என்னை விட்டுப் போனவர். அதுவரை எனக்கு வாப்பா என்றால் உம்மாவின் போனுக்குள் இருக்கும் ஒரு முகம். வெள்ளிக்கிழமைகளில் வரும், சிரிக்கும், சிக்னல் போனால் போய்விடும். அந்த முகத்துக்குக் கீழே இவ்வளவு உயரமான உடம்பு இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச வந்தவரிடம் போகாமல் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதன் பிறகு அவர் என்னை வற்புறுத்தவில்லை.

கல்முனையில் எங்கள் வீட்டுப் பின்வளவு முழுக்கக் கடல் மணல். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து அவர் அங்கே தனியே நிற்பார். வலது கால் முன்னே. இடது கால் பின்னே, பாதம் சற்று வெளியே திரும்பி. ஒரு கை நெஞ்சுக்கு நேரே, மற்றக் கை தொப்புளுக்குக் கிட்ட, விரல்கள் பத்தும் விரிந்திருக்கும். எதிரே ஒரு முருங்கை மரம்தான். யாரோ பாய்ந்து வரப்போவது போல நிற்பார். யாரும் வருவதில்லை. உம்மா சமைக்கும் குசினியின் யன்னலால் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கும் அந்த வீட்டில் விளையாட யாரும் இல்லை.

உம்மாவின் தம்பி, என் மாமா, ஒருநாள் இதைக் கண்டு சிரித்தார்.

"ஆரோட மச்சான் சண்ட? முருங்கையோடயா?"

"வந்து கையப் புடிங்களன்."

மாமா பிடித்தார். வாப்பா ஓரடி விலகித் திரும்பினார், அவ்வளவுதான். மாமா மணலில் மல்லாந்து கிடந்தார். ஜப்பான்காரரின் தற்காப்புக் கலையாம் அது, ஐகிடோ என்று பெயராம்.

"கையப் பொத்தினா நாம அடிக்கப் போறம் எண்டு அர்த்தம்" என்றார் வாப்பா. "திறந்து வெச்சா, வாறவன் வரட்டும் எண்டு நிக்கிறம்."

தேத்தண்ணி குடிக்கும்போது உம்மா கேட்டார், "உழைக்கப் போன மனிசன் எதுக்கு இதெல்லாம் படிச்சீங்க?"

"ஞாயிற்றுக்கிழமைல அங்க கதைக்க ஆளில்ல புள்ள. அந்த வகுப்புக்குப் போனா ஆராவது வந்து கையப் புடிப்பாங்க."

உம்மா எழுந்து போய் ஒரே கோப்பையை வெகுநேரம் கழுவினார். ஒரு கோப்பைக்கு இத்தனை தண்ணீரா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வாப்பா ஜப்பானுக்குத் திரும்பிப் போகும் நாள் குறித்தாயிற்று என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார்கள். எனக்கு வந்தது அழுகையல்ல, கோபம். மறுநாள் காலை நானே பின்வளவுக்குப் போனேன். வாப்பா அதே நிலையில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"வாங்க மகள். ஓடி வாங்க, பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை. இரண்டு கைகளையும் இறுகப் பொத்திக்கொண்டு, மாமாவை வீழ்த்திய அந்தக் கைகளை நோக்கி ஓடினேன். கடைசி எட்டில் அவர் இரண்டு கைகளையும் கீழே விட்டுவிட்டார். என் தலையும் பொத்திய கைகளும் அவர் வயிற்றில் மோதின. என்னையும் சேர்த்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்து போனார். மூச்சு வாங்கியது. நான் எழும்ப முயன்றபோது, "இன்னும் கொஞ்சம் இரிங்க மகள்" என்றார்.

நான் இருக்கவில்லை. குர்ஆன் மதரஸாவுக்கு ஓடிப்போய், மாமாவையே விழுத்தியவரை நான் விழுத்திவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பாதவர்களுக்கு விளக்கமும் வைத்திருந்தேன்: வாப்பா ஐந்து வருடம் படித்தாலும் சரியாகப் படிக்கவில்லை, அடி விழும் நேரம் பார்த்துக் கையைக் கீழே போட்டுவிட்டார்.