கூறைச்சேலையும் வாக்குவமும்

பத்து வயதில், என் அம்மாவைக் கூறைச்சேலை உடுத்தி, முதுகில் தூசி உறிஞ்சும் வாக்குவம் மெசினை மாட்டி நிற்கவைத்துப் படம் எடுப்பித்த பெருமை எனக்கு உண்டு. பழி முழுவதும் எங்கள் வகுப்பு ஆசிரியையைச் சேரும்.

அவர் ஒருநாள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் படங்களைத் திரையில் காட்டினார். எல்லாரும் அன்றாடம் உழைத்துப் பிழைத்தவர்கள். சுத்தியலை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கொல்லர், துணிக்கூடையோடு ஒரு சலவைக்காரி. அந்தக் காலத்துக் கமராவுக்கு அசையாமல் நிற்க வேண்டுமாம். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. வீட்டில் ஒருவரை அவருடைய வேலைச் சாமானோடு அதே மாதிரிப் படம் எடுத்து வாருங்கள், சுவரில் ஒட்டுவோம் என்றார்.

அப்பா கணினிக்கு முன் இருப்பவர். அதில் பார்க்க ஒன்றுமில்லை. அம்மாவோ நகர மையத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தைத் துப்புரவு செய்தார். முதுகில் மெசினை மாட்டினால் சந்திரனுக்குப் புறப்பட்டவர் மாதிரி இருப்பார்.

அம்மா முடியாது என்றார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு, தங்கைக்கு ஒபிசில் வேலை என்றுதான் தெரியும். அது பொய்யும் இல்லை. சுவரில் ஒட்டிய படம் எப்படியாவது ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்று அம்மா பயந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததில் கடைசியாக இறங்கி வந்தார். ஆனால் உடுப்பு விஷயத்தில் அசையவில்லை.

"வேலை உடுப்போட ஆராவது படம் எடுப்பினமோ?"

அப்படித்தான், நாங்கள் குடியேறியிருந்த த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் எங்கள் கராஜ் கதவுக்கு முன்னால், மெசினின் தோள்வார் முந்தானை மடிப்பைக் கசக்க, அம்மா நின்றார். அப்பா போனில் எடுத்தார். சிரிக்கக்கூடாது என்று சொல்ல வேண்டியே இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஸ்டூடியோவுக்குப் போய் யாரும் சிரித்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் படங்களைப் பார்க்க வந்த அம்மா, தன்னுடையதை விட்டுவிட்டு, ஆசிரியை பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தச் சலவைக்காரியின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"இவவும் நல்ல உடுப்புத்தான் போட்டிருக்கிறா, பார். வீட்டாருக்கு அனுப்பத்தான் எடுத்திருப்பா."

அன்று பின்னேரமே தன் படத்தைப் பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டார். உடனே அழைப்பு வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கறியைக் கிளறினார். முதுகில் அது என்ன என்று பெரியம்மா கேட்டார்.

"கூட்டுற மெசின் அக்கா. நான் ஒபிஸ் கூட்டித் துடைக்கிறனான்."

லைன் அறுந்துவிட்டது என்று நான் போனைத் தட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றாக நொந்தது.

"முந்தானையை இழுத்துச் செருகடி," என்றார் பெரியம்மா. "மெசின் இழுத்துப்போடும். அது கலியாணச் சீலை."

அம்மா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது, கறி அடிப்பிடித்தது. இதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சேலையைப் பற்றி அவ்வளவு கதைத்த பெரியம்மா, நான் எடுப்பித்த படம் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அன்றைக்கு என் கவலை.