தலை சாய்த்த இடம்

எஸ்பியர் துறைமுகத்துப் பக்கம் ரிக்மோரின் கை படாத சோபா குறைவு. முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் எண்ணெய்க் கறை எடுத்தவள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் அவளைப் பிடிக்கவே முடியாது. விருந்துக்கு வறுத்த வாத்தின் கொழுப்பை யார் வீட்டில் யார் கொட்டினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே மூச்சு விடமாட்டாள். அவளுடைய வேதம் ஒரே வரிதான்: "ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. தேச்சா கொழுப்பு பஞ்சுக்குள்ள போய்க் குடித்தனம் பண்ணும்."

ஊர்க் கறையெல்லாம் எடுத்தவள் வீட்டிலேயே ஒரு கறை இருந்தது. புருஷன் ஹென்னிங்கின் பச்சை நாற்காலியில், தலை சாயும் இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. ஹென்னிங் துறைமுகத்தில் மீன் வறுத்து விற்றவன். சாயங்காலம் வந்ததும் எண்ணெய் வாடை போகாத தலையை அதில்தான் சாய்ப்பான். மாட்டுப் பித்தம் கலந்த கறைச் சோப்போடு அவள் கிட்டே போனாலே கத்துவான்.

"ஊர் எண்ணெயெல்லாம் எடுத்துக்கோ ரிக்மோர், இதை விட்டுடு. இது போச்சுன்னா என் நாற்காலி எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மண்டை அழுக்கை இந்த ஊரே அடையாளம் சொல்லும், போ!"

அப்புறம் அவனுக்கு ஞாபகம் போயிற்று. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மகள் மெரேட்டாவின் பெயர். முதியோர் இல்லத்தில் ஒரு அறை கிடைத்தது. அங்கே போன நாளிலிருந்து அவன் உட்காரவே இல்லை. எந்த நாற்காலியைக் காட்டினாலும், "இது வேற யாரோ உக்கார்ற இடம்" என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்வான். பகலெல்லாம் நின்றும் நடந்தும் கால் வீங்கிவிட்டது.

"வீட்டுல அவர் உக்காந்த நாற்காலியக் கொண்டாங்க, இருக்கிறபடியே," என்றாள் நர்ஸ்.

மெரேட்டா மறுநாளே வண்டியோடு வந்து நின்றாள். ரிக்மோர் கதவை மறித்தாள்.

"இந்தக் கோலத்துலயா? கறை எடுக்கிறவ புருஷன் நாற்காலியப் பாருங்கடின்னு நாலு பேர் சொல்லவா?"

"அம்மா, அப்பா கால் வீங்கிக் கிடக்கு. இப்ப யாரும்மா கறையப் பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்."

கௌரவத்துக்குக் கால் வீக்கமா தெரியும்? அவள் எண்ணெயை இழுக்க உருளைக்கிழங்கு மாவைத் தூவி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் மெஷினால் உறிஞ்சி எடுத்தாள். சோப்பு நுரையால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒத்தி ஒத்தி வந்தாள். காய்ந்ததும் கறை பழையபடி எட்டிப் பார்த்தது. அத்தனை வருஷத்து எண்ணெய் பஞ்சிலிருந்து மேலே ஏறி வந்துகொண்டே இருந்தது. நாலு தடவை அப்படி. மூன்று வாரம் ஓடிவிட்டது. ஐந்தாவது தடவை வரவில்லை. துணி புல் போலப் பச்சையாக இருந்தது. அவள் கை தொட்டதிலேயே இவ்வளவு சுத்தமான வேலை இதுதான்.

நாற்காலியை இல்லத்து அறையில் ஜன்னலோரம் போட்டார்கள். ஹென்னிங் சுற்றி வந்து பார்த்தான். தலை சாயும் இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"நல்ல நாற்காலி. யாரோடது?"

"உன்னோடதுதான் ஹென்னிங். உக்காரு."

"என்னோடதுல கறை இருக்கும்," என்று அவன் சிரித்தபடி நகர்ந்துவிட்டான்.

மெரேட்டா விருட்டென்று வெளியே போனாள். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் ரிக்மோருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பாவி, நானே கெடுத்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது. மேஜைமேல் அவன் தின்னாமல் வைத்த ரொட்டியும் வெண்ணெயும் இருந்தன. அவள் வெண்ணெயைக் கட்டைவிரலில் வழித்து, அந்தப் பச்சைத் துணியில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தேய்த்தாள்.

ஹென்னிங் பதறிக்கொண்டு வந்தான்.

"ஐயோ, தேய்க்காதீங்கம்மா! தேச்சா உள்ள போயிடும். ஒத்தித்தான் எடுக்கணும்."

அவள் கை நின்றது. "யார் சொன்னா?"

"என் பொண்டாட்டி ரிக்மோர். கவலைப்படாதீங்க, அவ வந்தா எடுத்துடுவா. இந்த ஊர்ல அவளுக்குத்தான் அது தெரியும்."

"எப்ப வருவாங்க?"

"வேலைக்குப் போயிருக்கா. நாலு மணிக்கு வந்துடுவா. நீங்க உக்காருங்க, நான் நிக்கிறேன்."

ரிக்மோர் உட்கார்ந்தாள். அப்போது மணி ஐந்தாகப் போகிற நேரம். ஹென்னிங் வீங்கிய காலோடு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.