ரப்பர் மலையிலிருந்து கடல் தெரிந்த நாள்

எனக்கு எட்டு வயது. காலாண்டு விடுமுறை. அப்பா கடைக்குப் போனதும் அம்மா எனக்கும் தம்பிக்கும் நல்ல உடுப்பு மாட்டிவிட்டு, தன் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள்.

"அது இஞ்ச கெடக்கட்டும். நாம சும்மா நடந்து பாப்பம்" என்றாள்.

சும்மா நடக்க எதற்கு நல்ல உடுப்பு, துணி திணித்த பை? மூன்று நாட்களாக அவளும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. பஸ் நிற்கும் முக்கிலேயே அப்பாவின் பலசரக்குக் கடை. அம்மா அந்தப் பக்கமே போகாமல் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துக்குள் ஏறினாள். மலையைத் தாண்டினால் அங்கேயும் ஒரு பஸ் ரோடு உண்டு என்று ரப்பர் பால் வெட்டும் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாளே தவிர, போனதில்லை.

அம்மா கடற்கரைக்காரி, அவள் பிறந்த வீடு கடலோரத்தில். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், முகத்தில் படும் காற்றை வைத்தே கடல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாளாம். ரப்பர் தோட்டத்துக்குள் காற்றே இல்லை. எங்கே திரும்பினாலும் ஒரே வரிசை, பட்டையில் ஒரே சாய்வு வெட்டு, அதன் கீழே பால் வடியும் ஒரே சிரட்டை. வழியில் தம்பி ஒரு சிரட்டையைத் தட்டிவிட்டிருந்தான். அரை மணி நேரம் கழித்து, சிந்திய அந்தப் பால் எங்கள் முன்னாலேயே வெள்ளையாகக் கிடந்தது.

"வழி தெரியுமாம்மா?"

"தெரியும். பேசாம நட."

எனக்கு அழுகை முட்டியது. மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என் காலில் அட்டை ஏறியிருந்தது. அம்மா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நின்று காதுகொடுத்துக் கேட்டாள். எங்கோ ஓடைச் சத்தம். ஓடையோடு இறங்குவாள் என்று நினைத்தேன். அவளோ அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தாள்.

"மேல போனாத்தான் மக்கா காத்து கிட்டும்" என்றாள்.

மரங்கள் முடிந்த இடத்தில் பெரிய பாறை. அதன்மேல் ஏறியதும் காற்று எங்களைத் தள்ளியது. அம்மாவின் கொண்டை அவிழ்ந்துவிட்டது. தூரத்தில், வானம் முடியும் இடத்தில், தகரத்தை வெட்டிப் போட்டதுபோல ஒரு மினுக்கம்.

"அந்தா கெடக்கு பாத்தியா, கடலு" என்றாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கடலைப் பார்த்து யாராவது அழுவார்களா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டி நீட்டிக் கணக்குப் போட்டாள். "கடலு அங்ஙன. அப்பம்னா, ரோடு இந்தச் சரிவுல. நம்ம வீடு முதுகுப் பக்கம்." அவள் சொல்லி முடிக்கும்போதே சரிவின் அடியில் பஸ் ஹாரன் கேட்டது. எனக்கு மந்திரம்போல இருந்தது.

அப்புறம் என்னைப் பார்த்து, "எங்க மக்கா போணும்?" என்றாள்.

வழி கண்டுபிடித்தவள் என்னிடம் ஏன் கேட்கிறாள்? தம்பி பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு" என்றேன்.

"எந்த வீட்டுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நமக்கு எத்தன வீடும்மா இருக்கு?"

அம்மா சிரிக்கவில்லை. கீழே இன்னொரு பஸ்ஸின் சத்தம் வந்து தேய்ந்து போகும்வரை அப்படியே நின்றாள். பிறகு தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கமாக இறங்கினாள். இறங்கும்போது ஓரிடத்தில்கூடத் தயங்கவில்லை.

சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். போன் இல்லாமல் நாங்கள் போனதை, சுற்றிச் சுற்றி வந்ததை, அம்மா கடலைப் பார்த்தே அந்தப் பக்கத்து பஸ் ரோடு எங்கே என்று கண்டுபிடித்ததை.

சோறு பிசைந்த அப்பாவின் கை நின்றது. "எந்த பஸ் ரோடு?" என்றார் மெதுவாக.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு பெரிய சாமர்த்தியத்தைச் சொல்கிறேன், இரண்டு பேரில் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லையே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அப்பா நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தலையிலடித்துச் சத்தியம் செய்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.