உடைசல் கூடைக்காரி ஜெபமாலை

“எம்புருசன் மோண்டத நான் காயப்போடுறேன். ஒனக்கு எங்கன நாறுது? மூக்கப் பொத்திக்கிட்டுப் போக்கா!”

ஜெபமாலை இப்படிக் கத்தியது என்னைப் பார்த்துத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள மதிலில், நெத்திலி காயவைப்பதுபோல, பெரியவர்கள் கட்டும் டயப்பரை வரிசையாக விரித்திருந்தாள். மூத்திரம் குடித்த டயப்பர். அதை ஒட்டித்தான் என் சேலையும் காய்ந்தது.

“எனக்கு நாறுனா நாறட்டும்டி. நான் தாலியறுத்தவ, மூக்கும் செத்துப்போச்சு. அதைத் திரும்ப அவனுக்கே மாட்டுறியே, அவன் தோலு என்னத்துக்காகும்?”

“இந்த வெயில்ல மீனே காயுது. இது காயாதா?”

அவள் புருஷன் சிலுவைமுத்து சங்கு குளிக்கப் போனவன். காற்று வரும் கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் கிடந்தவன், ஒருநாள் மேலே வரும்போது அவசரப்பட்டான். ஆழத்திலிருந்து சட்டென்று ஏறினால் ரத்தத்தில் காற்று குமிழ் கட்டி நரம்பை அடைக்குமாம், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பாம்பன் முழுக்க அப்படிப் படுத்தவர்கள் இருக்கிறார்கள், யாரும் கணக்கு எடுப்பதில்லை. ஜெபமாலை கருவாட்டுக் கம்பெனியில் மீன் கீறப் போனாள். வருவதில் பாதி டயப்பருக்கே போனது.

அதனால்தான் இராமநாதபுரத்துத் தள்ளுபடி சூப்பர் மார்க்கெட். நானும் அவளும் சேர்ந்தே பஸ் ஏறுவோம். சண்டை போட்டாலும் பையைத் தூக்க ஆள் வேண்டுமே.

கடை வாசலில் ஒரு கம்பிக் கூடை இருக்கும். மூலை கிழிந்த சோப்புத்தூள், ஒடுங்கிய டப்பா, மூடி உடைந்த ஷாம்பு, எல்லாம் பாதி விலைக்கு அதில் கிடக்கும். உடைசல் கூடை என்போம். முதலில் கை வைத்தவளுக்குத்தான் சாமான். கையை எடுத்தால் போச்சு. ஜெபமாலை ஒரு கையைக் கூடைக்குள் விட்டுக்கொண்டே மறு கையால் முந்தானையைச் செருகுவாள். பாக்கெட்டை மீன் செவுளைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தேதி படிக்கத் தெரியாது, எனக்கும்தான்.

ஒருமுறை கண்ணாடி போட்ட ஒருத்தி பிஸ்கட் டப்பாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்கம்மா, நான்தான் மொதல்ல பாத்தேன்.”

“பாத்தியா? நான் தெனமும் கடலப் பாக்குறேன். எனக்கு எழுதிக் குடுத்துட்டாகளா?”

பில் போடும் கோகிலாவையும் விடமாட்டாள்.

“மூணு ரூவா கொறச்சுப் போடு தாயி.”

“கம்ப்யூட்டர் கொறைக்காதுக்கா.”

“அப்ப அதுக்கிட்ட நானே பேசுறேன். திருப்பு இங்கிட்டு!”

டேப் ஒட்டின டயப்பர் பாக்கெட் கூடையில் கிடைத்தால் போதும், பஸ்ஸில் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொள்வாள். அதுவும் எல்லா வாரமும் கிடைக்காது. கிடைக்காத வாரங்களில்தான் மதிலில் காயப்போட ஆரம்பித்தாள். நான் ஏசினேன், அவளும் ஏசினாள். அதோடு சரி.

அப்புறம் சிலுவைமுத்துக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. வீடு வீடாக வந்து பார்க்கும் நர்ஸ் நாகலெட்சுமி அவனைப் புரட்டிப்போட்டாள். நான் வாசலில் நின்றேன். அங்கே வந்த வாடையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“இதை யாரு காயவச்சு மறுபடி கட்டுனது?”

“நான்தான். நல்லாக் காஞ்சிருச்சே.”

“உள்ள பஞ்சு மட்டும் இல்லம்மா. மூத்திரத்தை இழுக்குற பொடி இருக்கு. காஞ்சா கட்டியாப் போயி அறுக்கும். அழுக்கும் அதுலயேதான் நிக்கும். இங்கன பாருங்க, புண்ணுக்குள்ள எலும்பு தெரியுது.”

ஜெபமாலை குனிந்து பார்த்தாள்.

சிலுவைமுத்து என்னைத் தேடித் தலையைத் திருப்பினான். “மதினி, அவள ஏசாதீக. எனக்கு வலிக்கவே இல்ல.”

வலித்திருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பான். அதுதான் அவனைத் தின்றது.

இராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புண்ணில் இருந்த விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஒரு விடியற்காலையில் போய்விட்டான்.

வராண்டாவில் ஜெபமாலை என் கையைப் பிடித்தாள். “நான்தானக்கா கொன்னுட்டேன்?”

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. இல்லை என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை. “எந்திரி. பெட்டியில வைக்க அவனுக்குப் புதுச்சட்ட வேணும்” என்றேன்.

படுத்த நாளிலிருந்து அவனுக்குச் சட்டையே எடுத்ததில்லை.

அந்தக் கடைக்குத்தான் நடந்தோம். அப்போதுதான் திறந்திருந்தார்கள். கூடையில் புதுச் சாமான் கொட்டிக்கொண்டிருந்தார்கள், அவள் திரும்பவில்லை. நேராக உள்ளே போய், தொங்கும் சட்டைகளில் முழுக்கை வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்தாள். விலை கேட்கவில்லை.

கோகிலாவுக்கு ஒன்றும் தெரியாது. சிரித்தாள். “அக்கா, இதுக்கு ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ. இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க.”

“ஒண்ணு போதும்.”

“நீங்களாக்கா இது? சும்மா கெடைக்கிறத விடுறீக?”

“பெட்டியில ஒருத்தருதான் படுக்காரு தாயி.”

கோகிலா சட்டையை மடித்து வைத்துவிட்டு பில் போட்டாள்.

அறுநூற்று நாற்பது ரூபாய். ஜெபமாலை முழுசாக எண்ணி வைத்தாள்.