ஏழு பார்சலும் ஒரு மூடிய பாதையும்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்புச் சோதனை, ஓ.எல். வரைக்கும்தான் படித்தேன். அதில் தமிழுக்கும் சாதாரணச் சித்திதான், வெறும் பாஸ். நாலு பேர் கூடினால் குசினிக்குள் நின்று தேத்தண்ணி ஊற்றுகிறவள் நான். முன்னுக்கு வந்து கதைக்கிறவள் இல்லை. ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர்கள் எழுதுவதுபோல அரண்மனை, நூதனசாலை என்று சொல்லவும் என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் வீடுகளும் பனியும். இருந்தாலும் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

எனக்கு ஒரே ஒரு அண்ணன். எண்பதுகளில் படிக்கவென்று நோர்வேக்குப் போனவர், வடக்குக் கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார். கலியாணம் கட்டவில்லை. நான் கலியாணம் கட்டி இவரோடு மொன்றியலுக்கு வந்தேன். பிறகு அம்மாவையும் கூப்பிட்டோம். அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயில் பூசை முடிகிற நேரம் பார்த்து ரெலிபோன் எடுப்பார். அம்மாவோடு பத்து நிமிடம், என்னோடு ஐந்து நிமிடம்.

2001 நவம்பர் கடைசியில் அம்மா செத்துப்போனா. அன்றைக்கே அண்ணைக்கு அறிவித்தோம். அடக்கத்துக்கு நாலு நாள் வைத்திருந்தோம். அண்ணை வரவில்லை. கோயிலில் எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள்: "மூத்தவர் எங்க? வரேல்லையோ?" நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அடக்கம் முடிந்த அடுத்த நாள் அவர் எடுத்தார்.

"தங்கச்சி, இஞ்ச சரியான பனி..." என்று தொடங்கினார்.

எனக்கு வந்த கோபம்! "பனியைப் பற்றி ஆருக்குச் சொல்லுறியள்? நாங்கள் மொன்றியலில இருக்கிறம் அண்ணை. வேற சாட்டுக் கிடைக்கேல்லையோ உங்களுக்கு? இனி எனக்கு எடுக்காதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வாழ்க்கையில் நான் ஒருவரிடம் கடுமையாகப் பேசியது அந்த ஒரு தரம்தான். அண்ணை சொல்லுக் கேட்கிற மனிதர். பிறகு எடுக்கவே இல்லை. முதல் வருடம் எனக்குக் கோபம் இருந்தது. இரண்டாம் வருடத்தில் ஞாயிறு பூசையால் வந்து உடுப்பு மாற்றாமல் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பேன். நானே எடுக்கலாம்தான். நம்பரைச் சுழற்றி, மணி அடிக்கமுதல் வைத்துவிடுவேன். ரெலிபோனில் எனக்கு வாய் வராது. முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும், நான் அப்படிச் சொன்னது பிழை என்று. அதற்குத்தான் போகவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அதற்கு இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. நான் டோர்வலில், விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. குளிர் அறைக்குள் நின்று தட்டில் பாணும் பட்டரும் சலாட்டும் அடுக்குகிற வேலை. 2005 மார்ச்சில், மகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை வந்த கிழமையில், இரண்டு பக்கத்துச் சனி ஞாயிறையும் சேர்த்து ரிக்கெற் போட்டோம். கொப்பன்ஹேகனில் இறங்கி, டென்மார்க்கில் ஒரு நாள், ஒஸ்லோவில் ஒரு நாள், மிச்சம் நாலைந்து நாள் அண்ணையோடு என்பது என்னுடைய கணக்கு. அண்ணைக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

இனிப் பார்சல் கதை. எங்கள் ஆட்களில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவருடைய சூட்கேஸ் அவருக்குச் சொந்தம் இல்லை. பூசை முடிந்து வாசலுக்கு வந்தவுடன் தொடங்கிவிட்டது. "டென்மார்க்கோ? என்ர தங்கச்சி அங்கதான். ஒரு சின்னப் பார்சல்." சின்னப் பார்சல் என்று சொன்னது நாலு கிலோ. கலியாண வீடியோ, சாறி, பிள்ளைக்குக் காப்பு, மேப்பிள் பாணி, அரைத்த மிளகாய்த்தூள். எனக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. ஏழு பார்சல் சேர்ந்தது. என்னுடைய கம்பளிச் சட்டைகளை வெளியே எடுத்துவிட்டுத்தான் அவற்றை அடுக்கினேன்.

பார்சலை வாசலில் கொடுத்துவிட்டு வரமுடியாது என்பது தமிழருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டென்மார்க்கில் மூன்று பார்சல், மூன்று வீடு, மூன்று நாள். ஒவ்வொரு வீட்டிலும் கோழிக்கறி, கலியாண அல்பம், "இண்டைக்கு நிண்டு நாளைக்குப் போங்கோவன், என்ன அவசரம்?" வெளியே கடல்காற்று முகத்தை அறுத்தது. உள்ளே ஹீட்டரைக் கூட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்து மீன் பொரித்தார்கள். மிளகாய்த்தூளை வாங்கி வைத்த ஒரு மாமி, தன்னுடைய மிளகாய்த்தூளில் இரண்டு கிலோ கட்டித் தந்தா.

"எங்கட தூள் வேற மாதிரி பிள்ளை. மொன்றியலில அவளிட்டைக் குடுத்துவிடு."

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. காருக்குள் ஏறியதும் கேட்டாள், "அம்மா, நாங்கள் டெலிவரி கொம்பனியா?"

"சும்மா இரு."

"இல்லை, யூனிபோர்ம் இருந்தால் நல்லம் எண்டு யோசிச்சன்."

சுவீடனில் ஒரு வீடு, ஒரு நாள். ஒஸ்லோவில் இவருடைய தங்கச்சி வீட்டில் நின்று மேலும் இரண்டு பார்சலைக் கொடுத்தோம். அப்படியே வியாழக்கிழமை ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மொன்றியலுக்கு விமானம். சூட்கேஸில் ஏழாவது பார்சல் இருந்தது. அது பேர்கனுக்கு. வடக்கு இல்லை, மேற்கு.

"வெள்ளிக்கிழமை ரெயினில பேர்கன் போவம்" என்றார் இவர். "குடுத்திட்டு அப்பிடியே திரும்புவம். வடக்குக்கு நாள் காணாது."

இவருடைய தங்கச்சி, என் மச்சாளும், தமையனோடு சேர்ந்துகொண்டா. "அண்ணை சொல்லுறதும் சரிதான் மச்சாள். பேர்கன் பாதை எவ்வளவு வடிவு தெரியுமே? சனம் காசு குடுத்துப் பாக்க வருது. வடக்கில என்ன கிடக்கு? மீனும் பனியும். மொன்றியலில இல்லாத பனியே? உங்கட அண்ணரும் ஒருத்தரோடையும் கதை பேச்சில்லை. கதவைத் திறப்பாரோ தெரியாது."

நான் எழும்பினேன். கோப்பைகளைக் கழுவி வைத்தேன். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஏழாவது பார்சலைத் தூக்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். தபால் கந்தோர் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே மகள் ஆங்கிலத்தில் கதைத்தாள். நான் முகவரியை எழுதினேன்.

திரும்பி வந்து தபால் ரசீதுத் துண்டை இவரிடம் நீட்டினேன்.

"உமக்கென்ன விசரே? தபாலில போடுறதெண்டால் அந்த மனுசி மொன்றியலிலயே போட்டிருக்கும். கோயில் முழுக்கச் சொல்லித் திரியப்போகுது!"

"சொல்லட்டும். நாளைக்கு வடக்குக்கு மூண்டு ரிக்கெற் எடுங்கோ."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மச்சாள் இரவே ரோல்ஸ் சுற்றத் தொடங்கினா, வழிக்குச் சாப்பிட. (பார்சல் தந்த மனுசி சொல்லித்தான் திரிந்தா. ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.)

வெள்ளி காலை விமானம் எங்களை ஒரு சின்ன ஊரில் இறக்கியது. அங்கிருந்து அண்ணையின் ஊருக்கு பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம். அடுத்த நாள் சனிக்கிழமை இதே வழியால் திரும்பவேண்டும். ஆக எனக்கு இருந்தது அந்த ஒரு பின்னேரமும் இரவும்தான்.

பஸ் ஒரு மணித்தியாலம் ஓடி, மலைக்கு ஏறுகிற இடத்தில் நின்றது. பாதைக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடை. எங்களுக்கு முன்னால் நாலைந்து லொறிகளும் கார்களும் நின்றன. சாரதி ஒரு பெரிய உடம்புக்காரப் பெண். எழும்பி வந்து ஆங்கிலத்தில் சொன்னா: மேலே காற்று, பாதை மூடியிருக்கிறது, அடங்கினால் பனியைத் தள்ளுகிற உழவு வண்டி முன்னால் போக எல்லோரும் அதன் பின்னால் வரிசையாகப் போகலாம்.

"எப்ப அடங்கும்?" என்று மகள் கேட்டாள்.

"இரண்டு மணித்தியாலமாகவும் இருக்கலாம். நாளைக்காகவும் இருக்கலாம்."

நான் ஜன்னலால் பார்த்தேன். பெரிதாகப் பனி கொட்டக்கூட இல்லை. மொன்றியலில் இதற்கு ஒருவரும் நிற்கமாட்டார்கள். நாங்கள் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பி, காரைக் கிண்டி எடுத்து, வேலைக்குப் போய்விடுவோம். அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் தெருவில் இடுப்பளவு பனி விழுந்த அன்றைக்கும் நான் டோர்வலுக்கு நேரத்துக்குப் போனேன். ஆனால் அங்கே வீடு இருக்கிறது, மரம் இருக்கிறது, மதில் இருக்கிறது. இங்கே மலையில் ஒரு செடிகூட இல்லை. கிடந்த பனி முழுவதையும் காற்று தூக்கிக்கொண்டு பாதைக்குக் குறுக்கே ஓடியது. தடைக்கு அந்தப் பக்கம் இருபது அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. வெள்ளைச் சுவர்.

"இஞ்ச சரியான பனி" என்று அண்ணை சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

ரோல்ஸ் பொதியை அவிழ்த்தேன். மகள் சாரதிக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தாள். அவ ஒரு கடி கடித்துவிட்டு, முகம் சிவந்து, தண்ணீர் குடித்து, இன்னொன்று கேட்டா.

இரண்டு மணித்தியாலம் போனது. மூன்றாவதும் போனது. ஒரு வான் வந்தது. திரும்பிப் போக விரும்புகிறவர்களை விமானநிலைய ஊருக்குக் கொண்டுபோகுமாம், அங்கே ஹோட்டல் இருக்காம். பஸ்ஸில் இருந்த ஆறு பேரும் இறங்கினார்கள். இவரும் பையைத் தோளில் போட்டார்.

"வாரும். பிள்ளைக்கும் குளிருது. விதி இல்லையெண்டால் என்ன செய்யிறது? அங்க போய் அவருக்கு ஒரு ரெலிபோன் எடும்."

"ரெலிபோனில சொல்லுற விசயம் இல்லை. நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இருக்கிறன்."

"தனியவோ?"

"அந்த மனுசி இருக்கிறா" என்று சாரதியைக் காட்டினேன்.

மகள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "அப்பா, டெலிவரி முடியாமல் போகேலாது" என்றாள். இவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்று, பையைத் திரும்ப மேலே வைத்தார். வான் போனது.

நாலு மணிக்குக் கிட்டத் தடை உயர்ந்தது. மஞ்சள் விளக்குச் சுற்ற உழவு வண்டி முன்னால் போனது. அதன் பின்னால் லொறிகள், பிறகு எங்கள் பஸ். முன் லொறியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. இவர் என் கையைப் பிடித்திருந்தார். அரை மணித்தியாலத்துக்கு மேல் அப்படி ஊர்ந்து, மலை இறங்கினதும், காற்று சட்டென்று நின்றது. கீழே இன்னொரு தடை. அந்தப் பக்கத்தில் எங்கள் பக்கம் வரக் காத்திருந்த வாகனங்கள்.

அவற்றுக்கு முன்னால், ஓரத்தில் ஒதுக்கி ஒரு பழைய சிவப்புக் கார். அதற்கு வெளியே ஒரு மனிதர், கைகள் இரண்டையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடத்தில் தலைமயிர் போய்விட்டது. அண்ணை நிற்கிற அந்த நிலை மட்டும் மாறவில்லை.

சாரதியிடம் கேட்டு அங்கேயே இறங்கினோம்.

"வந்திட்டியே?" என்றார்.

"கடிதம் கிடைச்சதோ?"

"கிடைச்சது. எழுதத் தொடங்கினனான். எழுத வரேல்லை."

"எவ்வளவு நேரமா நிக்கிறியள் அண்ணை?"

"காலமை தொட்டு. இரவு உன்ர மச்சாள் எடுத்துச் சொன்னவ. இது பரவாயில்லை. அம்மான்ர அடக்கத்துக்கு வெளிக்கிட்டு இதிலதான் இரண்டரை நாள் நிண்டனான்." பஸ் பிந்தினதைச் சொல்வதுபோலச் சொன்னார். "குளிருது. பிள்ளையைக் காருக்குள்ள ஏத்து."

வீட்டில் சோறும் பால்க்கஞ்சி மாதிரி வெள்ளையாக ஒரு மீன் குழம்பும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்து, இவரும் மகளும் ரி.வி.க்கு முன்னால் போன பிறகு, அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடித்த படமும் செபமும் உள்ள சின்ன அட்டையைக் கைப்பைக்குள் இருந்து எடுத்தேன். அண்ணை எழும்பிப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, துடைத்துவிட்டு வந்துதான் வாங்கினார்.

"அண்ணை, நான் அண்டைக்குச் சொன்னது பிழை. பனி எண்டு நீங்கள் சொன்னதை நான் கேக்கேல்லை."

"அதை விடு."

"விடேலாது. அதைச் சொல்லத்தான் வந்தனான். இனி எடுங்கோ."

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமையோ?"

"ஓம். பூசையால வந்தாப்போல."

"அப்ப இஞ்ச பின்னேரம் ஆறு மணி இருக்கும்" என்றார். "சரி."

அடுத்த நாள் சனிக்கிழமை. மீன் பருவம் என்றபடியால் அண்ணைக்கு வேலை இருந்தது, ஐந்தரைக்குப் போய்விட்டார். நாங்கள் பத்து மணி பஸ்ஸில் ஏறினோம். பாதை திறந்திருந்தது.